முத்திரை பழுதின்றி உள்ளது

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் சக்கரம் என்பார்கள், நெருப்பு என்பார்கள். சக்கரம் உருண்டு போய்விடும், நெருப்பு அணைந்துவிடும். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்து, தனக்குப் பின்னால் என்ன நடந்தாலும் வாய் திறக்காமல், பார்ப்பவருக்கெல்லாம் மரியாதை வரும்படி சிவந்து நிற்பது அரக்கு முத்திரை ஒன்றுதான். நம்பாதவர்கள் டமன்ஹூர் நகரத்து நாற்றங்கால் பதிவு இயக்குநரகத்தின் முதல் மாடிக்குப் போய், எட்டாம் அறையில் ஜன்னலோர மேசையில் இருக்கும் கணினியைப் பார்த்துக்கொள்ளலாம். தொடக் கூடாது.

அந்தக் கணினி உஸ்தாஸ் ஹெஷ்மத்தின் 'உஹ்தா'. உஸ்தாஸ் என்றால் ஐயா; உஹ்தா என்றால் ஒருவர் பொறுப்பில் விட்ட பொருள். அரசாங்கப் பொருள் எதுவானாலும் அதற்கு ஓர் ஊழியர் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு ஒருவர், மின்விசிறிக்கு ஒருவர், ஓடாத சுவர்க் கடிகாரத்துக்கு ஒருவர். பொருள் உடைந்தால் அவர் தலை உருளும். பொருள் தொலைந்தால் அவர் தொலைந்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன், "கணினி ஒன்று, சாம்பல் நிறம், உறுப்புகள் முழுமை, இயங்கும் நிலை" என்ற தாளில் ஹெஷ்மத் கையெழுத்துப் போட்டார். அன்றே பெட்டியின் பக்கத் தகட்டைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை அச்சை அழுத்தினார்கள். அன்று முதல் ஹெஷ்மத் தன் மனைவியைப் பார்த்த நேரத்தைவிட அந்த முத்திரையைப் பார்த்த நேரம் அதிகம்.

ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் இருப்புக் கணக்கெடுப்புக் குழு வரும். தலைவர் இரண்டாம் மாடி உஸ்தாஸ் ஃபிக்ரி; அவரோடு தலையாட்டுவதற்கு இரண்டு உறுப்பினர்கள். பழைய முத்திரையை உடைப்பார்கள், பெட்டியைத் திறப்பார்கள், உறுப்புகளை எண்ணுவார்கள், மூடிப் புது முத்திரை வைப்பார்கள். அந்த நேரத்தில் பொருளுக்குப் பொறுப்பானவர் அறைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் குழுவின் 'நடுநிலை' கெட்டுவிடும். ஆகவே ஹெஷ்மத் வராந்தாவில் நின்று, உள்ளே டீ அனுப்பிக்கொண்டிருப்பார். அரை மணி கழித்து ஃபிக்ரி தன் தோல்பையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்து, "எல்லாம் ஜம்முன்னு இருக்கு உஸ்தாஸ். நீங்க இருக்கிற வரைக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் வராது" என்பார். ஹெஷ்மத்துக்குக் கண் கலங்கிவிடும்.

கணினியும் மனிதனைப் போலத்தான், வயதாக ஆகப் பக்குவப்படுகிறது. முதல் கணக்கெடுப்புக்குப் பிறகு அது எழுந்திருக்க இரண்டு நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டது. எதையும் யோசித்துச் செய்யத் தொடங்கியிருக்கிறது என்று ஹெஷ்மத் மகிழ்ந்தார். மூன்றாம் ஆண்டு அது திடீரென்று மௌனமானது. அதற்கு முன் உள்ளே விசிறி ஒன்று இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது. "இரைச்சல் குறை நீக்கப்பட்டது" என்று குழு அறிக்கையில் எழுதியது. அதன்பிறகு பெட்டி லேசாகச் சூடாக ஆரம்பித்தது. குளிர்காலத்தில் டீக்காரர் பயூமி காலை ரொட்டியை அதன் தலைமேல் அடுக்கி வைப்பார். ஒன்பது மணிக்குப் பதமாக இருக்கும்.

ஐந்தாம் ஆண்டு கணினிக்கு நாள் மறந்தது. ஒவ்வொரு காலையும் அன்றைக்கு 2006 ஜனவரி முதல் தேதி என்று சாதிக்கும். ஹெஷ்மத் கோபித்துக்கொள்ளாமல் தினமும் சரியான தேதியைத் தட்டிக் கொடுப்பார். ஏழாம் ஆண்டு, சி.டி. வைக்கும் வட்டுத் தட்டு வெளியே வரும் இடத்தில் சாம்பல் வண்ணம் பூசிய அட்டை ஒன்று முளைத்தது. அறிக்கை, "தூசி நுழையும் வழி அடைக்கப்பட்டது" என்றது. ஒன்பதாம் ஆண்டு கூட்டுகிறவள் ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கி மேசையைத் துடைத்துவிட்டு, புண்ணியவான்கள், கனத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று வாழ்த்தினாள்.

இதே காலத்தில் இரண்டாம் மாடியிலும் முன்னேற்றம் இருந்தது. ஃபிக்ரியின் கணினி பொத்தானைத் தொட்டதும் எழுந்தது. முதீர் ஷவ்கத்தின் கணினி தொடுவதற்கு முன்பே எழுந்ததாகச் சொன்னார்கள். முதீர் என்றால் இயக்குநர். சீட்டாட்டம் ஆடியபடியே கூட்டம் நடத்தக்கூடிய திறமைசாலி. பராமரிப்பு என்றால் என்னவென்று ஃபிக்ரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாதம் ஒருமுறை முதல் மாடிக்கு அவர் அறிவுரை சொல்லி அனுப்புவார்.

ஹெஷ்மத் கற்றுக்கொண்டார். காலை ஏழரைக்கே வந்துவிடுவார். பொத்தானை அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்து அணையும். ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை விடுவார், கோப்பு ஒன்றை எடுத்துப் பெட்டிக்கு விசிறுவார், மறுபடி அழுத்துவார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து ஏதோ ஆட்சேபிக்கும். அவற்றைச் சமாதானப்படுத்தி, தேதியைச் சொல்லிக் கொடுத்து, பத்தரை மணிக்கு ஒருவழியாகப் படம் வரும். பதினொன்றரைக்குச் சூடு தாங்காமல் கண்ணை மூடிக்கொள்ளும். நடுவில் உள்ள ஒரு மணி நேரத்துக்கு 'உற்பத்தி நேரம்' என்று பெயர். ஆரஞ்சு நாற்றுக்கும் மாதுளை நாற்றுக்கும் பதிவுச் சான்று வாங்க வந்த விவசாயிகள், அந்த ஒரு மணி நேரத்துக்காக வராந்தாவில் வெயிலும் நிழலும் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படித் தொல்லையில்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஹெஷ்மத்துக்கு அறுபது வயது ஆனது. மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் ஓய்வுபெற வேண்டும். ஓய்வூதியக் கோப்பு நகர வேண்டுமானால் 'விடுவிப்புச் சான்று' வேண்டும். விடுவிப்புச் சான்று வேண்டுமானால், தன் பொறுப்பில் உள்ள பொருளை "உறுப்புகள் முழுமை, இயங்கும் நிலை" என்று அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். கடற்கரையில், பல்தீம் ஊரில், மைத்துனர் வீட்டு மாடி காலியாகக் காத்திருந்தது. டமன்ஹூர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வேறு குடித்தனம் வருகிறது. மனைவி நபவிய்யா மெத்தைகளைச் சுருட்டிக் கட்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. இருவரும் விரிப்பில் படுத்தார்கள்.

வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை காலை ஹெஷ்மத் பொத்தானை அழுத்தினார். பெட்டி நீளமாக ஒருமுறை கூவியது. பிறகு சுருக்கமாக மூன்று முறை. பிறகு ஒன்றுமில்லை. கோப்பால் விசிறினார், ஜன்னலைத் திறந்தார், கையை வைத்து ஓதிப் பார்த்தார். ஒரு நீளம், மூன்று குட்டை. பத்தரை ஆனது, பதினொன்றரை ஆனது. உற்பத்தி நேரம் உற்பத்தியில்லாமல் முடிந்தது.

எதிர் மேசையில் மேடம் இன்ஷிராஹ் மாலைச் சமையலுக்கு, உள்ளே அரிசி அடைப்பதற்காகச் சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தார். இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறவர். சுரைப்பிஞ்சு குடையும் நேரம் வீட்டில் கிடைப்பதில்லை. நாக்கு கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். நபவிய்யா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் ஹெஷ்மத்துக்கு இரண்டு வேளைச் சாப்பாடு இந்த மேசையிலிருந்துதான் போயிற்று.

"நீங்க ஓய்வுபெறப் போறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு உஸ்தாஸ்," என்றார் இன்ஷிராஹ். "உங்களுக்கு முன்னாடி தான் போயிடணும்னு பாக்குது. பொண்டாட்டிகூட இவ்வளவு பாசமா இருக்க மாட்டா."

பயூமிக்கு அது கண்ணேறு என்பதில் சந்தேகமே இல்லை. நான்காம் அறைக்காரர்கள் பொறாமைப்பட்ட கணினி இது என்றார். சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து பெட்டியை மூன்று சுற்று சுற்றினார். புகை பெட்டியின் ஓட்டைகள் வழியாக உள்ளே போனது; அதன்பிறகு ஒரு நீளம், நான்கு குட்டை.

திங்கட்கிழமை உயர்மட்டக் கூட்டம் கூடியது. முதீர் ஷவ்கத் தலைமை தாங்கினார். கணினி எழாததற்குக் காரணம் கணினிதான் என்று அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது என்று எச்சரித்தார். பிளக் செருகும் மின்சார வாயை மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். ஆனால் எட்டாம் அறையில் இருந்த இன்னொரு வாய் நீர்ச் சூடாக்கிக்கு ஒதுக்கப்பட்டது, அதற்குப் பொறுப்பாளர் பிரசவ விடுப்பில் இருந்தார். மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்புவது என்று ஒரு யோசனை வந்தது. அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கூவல் சத்தத்தைக் காகிதத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம் என்று சொன்னவர் ஃபிக்ரி. அதை எப்படி எழுதுவது என்பதில் ஒன்றரை மணி நேரம் போனது. மொத்தத்தில் கணினியைத் தவிர எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். ஹெஷ்மத் ஒரு மூலையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்: செவ்வாய், புதன், வியாழன்.

கூவலின் எழுத்து வடிவம் எப்படியோ போய்ச் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை மேலிடத்துத் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து இஞ்சினியர் ஷாஹிந்தா வந்தார். நாற்பது வயது, தோளில் கருவிப்பை, பேச்சில் சர்க்கரை கிடையாது. பொத்தானை ஒருமுறை அழுத்தினார், கூவலைக் கேட்டார். பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சருகு நகர்கிற மாதிரி சத்தம் கேட்டது.

"மெமரி ஒழுங்கா உக்காரல. திறந்து சுத்தம் பண்ணிப் போட்டா பத்து நிமிஷ வேலை," என்றார்.

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஹெஷ்மத் முத்திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். விஷயம் முதீரிடம் போயிற்று. முத்திரையை உடைக்கும் அதிகாரம் கணக்கெடுப்புக் குழுவுக்கு மட்டுமே உண்டு, குழு ஜூனில்தான் கூடும், இது மார்ச் என்று முதீர் விளக்கினார். அதோடு ஒரு வழியும் சொன்னார்.

"முத்திரை உடையாம திறந்து பாருங்க."

"கதவைத் திறக்காம வீட்டுக்குள்ள போகச் சொல்றீங்க."

"முயற்சி பண்ணிப் பாத்தீங்களா?"

ஷாஹிந்தா தன் பணிச்சீட்டை எடுத்து, "முதீர் ஷவ்கத் அனுமதி மறுத்ததால் பழுது பார்க்கப்படவில்லை" என்று எழுதத் தொடங்கினார். தன் பெயர் எந்தத் தாளிலும் தனியாக நிற்கக் கூடாது என்பது முதீரின் முப்பதாண்டுக் கொள்கை. 'முதீ' என்று வந்ததுமே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஃபிக்ரியைக் கூப்பிட்டு, இந்த நேரத்தில் திறப்பது உசிதமா என்று காதோடு கேட்டார். ஃபிக்ரி கொஞ்சமும் கலங்கவில்லை.

"தாராளமா திறக்கலாம் பாஷா. நம்ம பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு."

அப்படியாக, வரலாற்றிலேயே முதல்முறையாக மார்ச் மாதத்தில் ஒரு 'விசேஷத் திறப்பு' புதன்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. ரகசியம் காக்க ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்ஷிராஹ் கத்தரிக்காய்களை அள்ளிக்கொண்டு நான்காம் அறைக்குப் போனார். ஹெஷ்மத்தையும் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். பொறுப்பாளர் பக்கத்தில் இல்லாமல் அவர் பொருளைத் தொட மாட்டேன் என்று ஷாஹிந்தா கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டதால் அவரை விட்டுவைத்தார்கள். பதினோரு ஆண்டுகளில் தன் கணினியின் வயிற்றை ஹெஷ்மத் பார்க்கப் போவது அதுதான் முதல்முறை. அவர் காலையிலேயே குளித்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஃபிக்ரி பேனாக்கத்தியால் அரக்கைப் பெயர்த்தார். கயிறு அவிழ்ந்தது. ஷாஹிந்தா தகட்டை இழுத்தார். உள்ளிருந்து காகிதம் சரிந்து மேசையெல்லாம் பரவியது.

பெட்டி நிறைய ரசீதுகள். மூன்று மூன்று படிகளாக, மடித்து, வரிசை எண் போட்டு, இடைவெளி இருந்த இடத்தில் எல்லாம் செருகியிருந்தது. ஷாஹிந்தா ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார். "ஒரு நினைவகப் பலகை, இரண்டாம் மாடி மூன்றாம் அறைக் கணினியின் அவசரத் தேவைக்காகத் 'தற்காலிகமாக'ப் பெற்றுக்கொள்ளப்பட்டது. பொறுப்பாளர் கேட்கும்போது திருப்பித் தரப்படும். ஒப்பம், ஃபிக்ரி. மேலொப்பம், முதீர் ஷவ்கத்." இன்னொன்று விசிறிக்கு. இன்னொன்று தேதியை நினைவு வைக்கிற பொத்தான் பேட்டரிக்கு. ஒன்று வட்டுத் தட்டுக்கு. ஒன்று எட்டுத் திருகாணிக்கு. பதினோரு ஆண்டு, பதினோரு பொருள். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஆசைப்படாத குழு.

பயிரை மேயும் வேலிகளை நாம் கண்டிருக்கிறோம். மேய்வதற்கு முன் மூன்று படிகளில் ரசீது எழுதி, அதைப் பயிருக்குள்ளேயே பத்திரப்படுத்தும் வேலி டமன்ஹூரில்தான் உண்டு.

ஹெஷ்மத் ஒவ்வொரு ரசீதாகப் படித்தார். ஒவ்வொரு தேதியும் அவர் வராந்தாவில் நின்று டீ அனுப்பிய தேதி. கோப்பால் விசிறிய காலைகள் எல்லாம் கண்முன் வந்தன. வராந்தாவில் காத்துக்கிடந்த விவசாயிகளிடம் கணினியின் வயோதிகத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுச் சேவையில் அவருக்குக் கோபம் வந்தது அன்றுதான்.

"திருடியிருக்கீங்க," என்றார் ஃபிக்ரியைப் பார்த்து. "வருஷா வருஷம் என் டீயைக் குடிச்சுக்கிட்டே திருடியிருக்கீங்க."

ஃபிக்ரிக்கு மனம் புண்பட்டுவிட்டது. உண்மையிலேயே புண்பட்டது, அவர் முகத்தில் தெரிந்தது.

"திருடன் ரசீது வைப்பானா உஸ்தாஸ்? இந்த ஊர்ல எவனாவது எடுத்த சாமானுக்கு ரசீது வச்சிருக்கானா, கேட்டுப் பாருங்க. மூணு படி. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து. கேட்டா தரேன்னு எழுதியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ரசீது உள்ள இருந்துச்சு. பெட்டிக்கு முத்திரை இருந்துச்சு. நான் எப்படிக் கேக்கறது?"

"அது உங்க நிர்வாகக் குறைபாடு," என்றார் முதீர், வருத்தத்தோடு. "பதினோரு ரசீது உங்க பொறுப்புல இருந்திருக்கு. பதினோரு வருஷம் நீங்க அதை எடுத்துப் பாக்கவே இல்ல. இது வெளிய தெரிஞ்சா உங்க பேருக்கு நல்லதில்ல."

இப்போது கேட்கிறேன், கொடுங்கள் என்றார் ஹெஷ்மத். ஃபிக்ரி உடனே ஒப்புக்கொண்டார். இன்றைக்குக் கேட்டதால் அடுத்த கணக்கெடுப்பில் திருப்பித் தந்துவிடுவதாகவும், அடுத்த கணக்கெடுப்பு ஜூன் மாதம் என்றும், ஜூன் மாதம் பொறுப்பாளர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்றவர் பொறுப்பாளர் ஆக மாட்டார் என்றும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

இதற்கிடையில் ஷாஹிந்தா தன் வேலையைப் பார்த்தார். காகிதத்தை எல்லாம் அள்ளி ஒதுக்கினார். தூரிகையால் பதினோரு ஆண்டுத் தூசியையும் மூன்று நாள் சாம்பிராணிக் கரியையும் துடைத்தார். மிச்சமிருந்த ஒரே நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் நன்றாகத் தேய்த்து, மறுபடி அழுத்திப் பொருத்தினார். மேசை விசிறி ஒன்றை வாங்கி, திறந்த பெட்டிக்கு நேரே வைத்தார். பொத்தானை அழுத்தினார். ஒரு சின்னக் கூவல். பதினொரு நிமிடத்தில் படம் வந்தது. ஜனவரி முதல் தேதி, 2006. மதியம் பன்னிரண்டு பத்துக்கு, "இயங்கும் நிலையில் உள்ளது நேரில் காணப்பட்டது" என்று முதீர் எழுதிக்கொண்டார்.

"என்ன கோளாறும்மா?" என்று கேட்டார் ஹெஷ்மத், பழக்க தோஷத்தில்.

"மெஷின்ல கோளாறு இல்ல உஸ்தாஸ். மெஷினே இல்ல. பாதியை எடுத்துட்டு, மீதிக்குக் காத்துப் போகாம பேப்பரை அடைச்சு வச்சா அதுவும் என்னதான் செய்யும்?"

எது இருக்கிறது, எது இல்லை, எது யார் மாடியில் இருக்கிறது என்று ஒரு பக்க அறிக்கை எழுதி, கையெழுத்திட்டு முதீரிடம் கொடுத்தார். முதீர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். இவ்வளவு முக்கியமான ஆவணத்தை மேசையில் போட்டுவைக்க முடியாது, அதற்குரிய பொருளோடுதான் சேர்க்க வேண்டும் என்றார். ரசீதுகளுக்கும் அதே விதி. ஃபிக்ரி அறிக்கையை நான்காக மடித்து, நினைவகப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகினார். ரசீதுகளை எண்ணி, பழையபடி அடைத்தார். தகட்டை மூடி, கயிறு கட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி அச்சை அழுத்தினார். உண்மை முழுவதும் உள்ளே போயிற்று. இயக்குநரகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஷாஹிந்தாவுக்கு வண்டி காத்திருந்தது. படியிறங்கும்போது ஹெஷ்மத்திடம் நின்றார்.

"நாளைக்கு அந்தத் தாள்ல யார் கையெழுத்துப் போடப் போறாங்களோ, அவங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் எழுதினதை இனிமே யாரும் பாக்கப் போறதில்ல."

சொல்கிறேன் என்றார் ஹெஷ்மத். சொல்லத்தான் நினைத்தார்.

மேலே முதீர் அவருக்காகக் காத்திருந்தார். குரலில் தகப்பன் பரிவு. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, குறைபாடு என்று எழுதுவது. எழுதினால் விசாரணை, விசாரணை முடிய இரண்டு வருஷமாவது ஆகும், அதுவரை விடுவிப்புச் சான்று கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. முடிவில் யார் பொறுப்பு என்று வரும்போது, பதினோரு ஆண்டும் ரசீதுகளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்ற கேள்வி எழும். இன்னொன்று, உள்ளதை உள்ளபடி எழுதுவது. என்ன உள்ளது? முத்திரை உள்ளது.

"முத்திரை முழுசா இருந்தா உள்ள முழுசா இருக்குன்னுதான் சட்டம் சொல்லுது ஹெஷ்மத். நாளைக்கு நீங்க ஒப்படைக்கிறது முத்திரையைத்தான். உள்ள என்னன்னு உங்களை யாரும் கேக்கப் போறதில்ல."

அன்று மாலை வீட்டில் நபவிய்யா மெத்தைக் கட்டின்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நாளை மறுநாள் வண்டியை வரச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். ஹெஷ்மத் சுவரைப் பார்த்தார். படங்களை எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஆணிகள் மட்டும் இருந்தன. வரச் சொல் என்றார்.

வியாழக்கிழமை காலை, பணி மூப்பின்படி புதிய பொறுப்பாளர் யார் என்ற உத்தரவு வந்தது: மேடம் இன்ஷிராஹ், எட்டாம் அறை. ஓய்வுபெற இன்னும் ஒன்பது ஆண்டுகள் உள்ளவர். உத்தரவைப் படித்ததும் அவர், இனி சுரைப்பிஞ்சு குடைய நான்காம் அறைக்குத்தான் போக வேண்டும், இந்தக் கிழட்டுக்கு விசிறவே நேரம் சரியாக இருக்கும் என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் வரும்போது ஹெஷ்மத்துக்குப் பிரிவு விருந்தாக அரிசிப் பாயசம் ஒரு கிண்ணம் கொண்டுவந்திருந்தார். மேலே லவங்கப்பட்டைப் பொடி தூவியிருந்தது. நபவிய்யாவுக்குத் தனிக் கிண்ணம், தூக்குப்பாத்திரத்தில்.

முதீர் ஒப்படைப்புத் தாளை மேசையில் விரித்தார். ஃபிக்ரி மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். "கணினி ஒன்று, சாம்பல் நிறம், உறுப்புகள் முழுமை, இயங்கும் நிலை, முத்திரை பழுதின்றி உள்ளது." ஒப்படைப்பவர் என்ற இடத்தில் ஹெஷ்மத் கையெழுத்துப் போட்டார். பெற்றுக்கொள்பவர் என்ற இடம் காலியாக இருந்தது. இன்ஷிராஹ் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பொண்ணு இருக்குங்க உஸ்தாஸ், பயமாத்தான் இருக்கு. எல்லாம் உள்ள இருக்கில்ல?"

முதீர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஃபிக்ரி பேனாமூடியைப் பார்த்தார். ஹெஷ்மத் பாயசக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அரக்கைப் பார்த்தார். புத்தம்புதிதாக, ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

"முத்திரை சரியா இருக்கு மேடம்."

"நீங்க சொன்னாப் போதும்," என்று இன்ஷிராஹ் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விடுவிப்புச் சான்று அந்த நிமிடமே கிடைத்தது. இயக்குநரகத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எந்தத் தாளும் நகர்ந்ததில்லை. முதீர் கைகுலுக்கினார், இப்படிப்பட்ட நேர்மையானவர்கள் இனிப் பிறக்கப் போவதில்லை என்று நாலு வார்த்தை பேசினார். பயூமி எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஹெஷ்மத் சான்றைச் சட்டைப்பையில் வைத்து, தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஃபிக்ரியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அவர் பதினோரு முறை எடுத்தார், பதினோரு முறையும் ரசீது வைத்தார். ஹெஷ்மத் ஒரே ஒரு முறைதான் எடுத்தார், அதுவும் தனக்குச் சோறு போட்டவளின் ஒன்பது ஆண்டுகளை. அதற்கு ரசீது கிடையாது.